ஒற்றைக் கையின் மீது சுமத்தப்படும் பாரம்

தாயகத்திற்குச் சக்கர நாற்காலி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் புலம்பெயர் மண்ணில் வேரூன்றியுள்ளது. 2009இல் வன்னியில் எறிகணை வீச்சில் ஒரு கையையும் காலையும் இழந்தவருக்கு வழமையான நாற்காலி உதவாது. ஒரு கையால் தள்ளினால் அது வட்டமிட்டே சுழலும். இதனை உணர்ந்த சிலர் ஒருகை இயக்க நாற்காலியை அனுப்புகின்றனர். அதுவும் போதாது.

அதன் ஒரே பக்கத்தில் இரு பிடிவளையங்கள் உள்ளன. ஒன்று அருகிலுள்ள சில்லையும், மற்றையது அச்சின் ஊடாக மறுபக்கச் சில்லையும் சுழற்றும். நேராகச் செல்ல இரண்டையும் ஒருசேர இறுகப் பற்ற வேண்டும். திரும்புவதற்கு ஒன்றை மட்டும். இரு கைகள் பகிர வேண்டிய பளுவை ஒரு கையின் விரல்களே தாங்குகின்றன. முல்லைத்தீவு மணலில் அது எத்தகைய வதை என்பதை, கையளிப்பு நிகழ்வைப் படம்பிடித்து வெளியிடுவோர் எண்ணுவதில்லை. சிறிய கையினருக்கோ இரு வளையங்களும் பிடிக்குள் அடங்குவதே அரிது. எஞ்சிய அக்கையின் மணிக்கட்டும் தோளும் பழுதுற்றால், உண்ணவும் எழுதவும் அவருக்கு வேறு கை இல்லை.

அளவெடுத்தல், பொருத்துதல், பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றை நாற்காலி வழங்கலின் பகுதியாகவே உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி வகுத்துள்ளது. கொள்கலனை நிரப்பி அனுப்புவோர் இவற்றுக்கு நிதி ஒதுக்கினரா எனப் பணம் கொடுக்கும் பெற்றோர் கேட்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் இளையோர், குறிப்பாக இயன்மருத்துவம் பயில்வோர், அளவுநாடா ஒன்றையும் எடுத்துச் செல்லட்டும்.