கொழும்புக்குப் போனாத்தான் கிரிக்கெட்டா?

“திறமை இருந்தா எங்க இருந்தும் வரலாம். முரளி வரல்லையா?”

தேசிய அணியில எங்கட பக்கத்து ஆக்கள் ஏன் இல்லையெண்டு கேட்டா, வாற மறுமொழி இதுதான். கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு.

முரளிதரன் படிச்சது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில. கடினப்பந்துக்குப் பேர்போன பாடசாலை. அவரும் கழகத்துக்கெண்டு கொழும்புக்குத்தான் வரவேண்டியிருந்தது, தமிழ் யூனியனுக்கு. பேரிலதான் தமிழ், மைதானம் கிடக்கிறது பொரளையில. (1982 இல் இலங்கை தன்ர முதல் டெஸ்டை இங்கிலாந்தோட ஆடினதும் அங்கதான்.)

அந்த இங்கிலாந்தையே பாப்பம். வடகிழக்கு மூலையில டர்ஹாம், நிலக்கரிச் சுரங்க நாடு. 1992 வரைக்கும் அந்தக் கவுண்டிக்கு முதல்தர அந்தஸ்து இல்லை. கிடைச்ச பிறகு அந்த வழியா வந்தவங்கட பேர்களைச் சொல்லுறம்: ஹார்மிசன், கொலிங்வூட், மார்க் வூட், பென் ஸ்டோக்ஸ். 2019 உலகக் கிண்ண இறுதியில, ஐம்பதாவது ஓவரின் கடைசிப் பந்துக்கு ரெண்டு முனையிலயும் நிண்டது டர்ஹாம்காரர்தான். 1992 இல் அந்த மண்ணில திடீரெண்டு திறமை முளைச்சதா? இல்லை, கதவு வீட்டுக்குக் கிட்ட வந்தது.

தூரத்துக்கு ஏன் போவான். 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில யாழ்ப்பாணத்துக்கு ஒரு அணி வந்துது. அதே வருசம் யாழ்ப்பாணத்துப் பொடியன் வியாஸ்காந்த் அதில ஆடினான். 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில இலங்கைச் சட்டை போட்டான்.

கிழக்குக்கு? கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், தம்புள்ளை. லீக்கிலயும் இந்த அஞ்சு பேர்தான், 2022 இல் தொடங்கின தேசிய சூப்பர் லீக்கிலயும் இந்த அஞ்சு பேர்தான். ஒரு முழு மாகாணத்தையே காணல்ல.

படுவான்கரையில மென்பந்தில கலக்கிற பொடியனுக்குக் கடினப்பந்து ஆட, வாவியைக் கடந்து டவுனுக்கு வரவேணும். மறுகா உதயதேவியில ஏறிப் பகல் முழுக்கக் கொழும்புக்கு. அங்க தங்க இடம், சாப்பாடு, பேட், பேட்ஸ், கிளவ்ஸ் எல்லாம் ஆர் காசு? தேர்வாளர் மட்டக்களப்புக்கு வந்து பாக்கட்டுமே, அதே ரயிலில!

ஆறாவது அணி கேக்கிறம். மட்டக்களப்பு எண்டு பேர் வைக்கவும் தேவையில்ல, ‘கிழக்கு’ எண்டே வையுங்க. திருகோணமலை, அம்பாறைப் பொடியன்களும், தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாரும் ஆடட்டும். கப்டன் ஆரெண்ட சண்டைய நாங்க பிறகு பிடிச்சுக்கொள்ளுறம்.