மைக் யார் கையில், விளக்குமாறு யார் கையில்?

பள்ளி திறந்த சில வாரங்களில் அரசுப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் மன்றங்களின் பட்டியல் ஏறிவிடுகிறது. தமிழ் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், வானவில் மன்றம், சாரணர் இயக்கம், ஜே.ஆர்.சி., மேல்நிலை வகுப்புக்கு என்.எஸ்.எஸ். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓமலூரிலிருந்து ராசிபுரம் வரை பள்ளிப் பிள்ளைகளோடு பேசிவரும் நாங்கள் அவர்களிடம் கேட்பது வேறு. மன்றத்துக்குச் செயலாளர் யார்? வரவேற்புரை சொன்னது யார்? நாற்காலி தூக்கியது யார்? விழா முடிந்த பிறகு திடலைக் கூட்டியது யார்?

பதில் பெரும்பாலும் ஒன்றுபோலவே வருகிறது. மைக் ஊர்த் தெருப் பிள்ளைக்கு, விளக்குமாறு காலனிப் பிள்ளைக்கு. யாரும் சாதியைச் சொல்லிப் பிரிப்பதில்லை. "அவளுக்கு உச்சரிப்பு நல்லா இருக்கு", "இவன் கூச்சப்படாமப் பேசுவான்" என்று சொல்லிப் பிரிக்கிறார்கள். காலனிப் பையனுக்கும் ஒரு பாராட்டு உண்டு: "எந்த வேலை சொன்னாலும் செய்வான்." ஒருமுறைகூட மேடை ஏற்றப்படாத பிள்ளைக்குக் கூச்சம் எப்படிப் போகும்? இன்னொன்றையும் கவனித்திருக்கிறோம். அம்பேத்கர் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றால் மட்டும் ஆசிரியரின் கண் நம் பிள்ளைகளைத் தேடி வரும். பாரதியாரைப் பற்றிப் பேசவோ திருக்குறள் ஒப்பிக்கவோ அந்தக் கண் வேறு பக்கம் போய்விடும். அம்பேத்கரை எல்லாப் பிள்ளைகளும் பேசட்டும். பாரதியை எங்கள் பிள்ளைகளும் பேசட்டும்.

ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில், 2022 டிசம்பரில் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். கழிப்பறை என்பதால் அது செய்தியானது. சுற்றுச்சூழல் மன்றத்தின் பெயரில் குப்பை அள்ள வைப்பது செய்தியாவதில்லை. வகுப்பு முழுவதும் சேர்ந்து கூட்டினால் அது மன்றப் பணி. அப்பா பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறார் என்று மகனை மட்டும் கூப்பிட்டால், பள்ளிக்கூடமே குலத்தொழிலைக் கற்றுக்கொடுக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

மன்றம்தானே, படிப்பா கெட்டுப்போகிறது என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடமும் உண்டு. அவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. போலீஸ் வேலைக்கு விடியற்காலையில் ஓடிப் பழகும் நம் இளைஞர்களைக் கேளுங்கள், ஒரு மதிப்பெண்ணின் விலை என்னவென்று சொல்வார்கள். அந்தச் சான்றிதழுக்கான வரிசை பள்ளிக்கூடத்திலேயே தொடங்குகிறது. அங்கே பெயர் கொடுக்காதவனுக்குப் பின்னால் யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். 2009இல் வந்த அருந்ததியர் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு பல பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. இடத்தைச் சட்டம் வாங்கித் தந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து வாய் திறந்து கேள்வி கேட்கும் பழக்கம் எட்டாம் வகுப்பு இலக்கிய மன்றத்திலேயே வந்திருக்க வேண்டும்.

பிறகு நேரம். மன்றக் கூட்டம், ஒத்திகை எல்லாம் மாலை மணி அடித்த பிறகு என்று வைத்தால், அப்போதே பாதிப் பட்டியல் கழிந்துவிடுகிறது. ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். அம்மா சேகோ ஆலையிலோ கோழிப்பண்ணையிலோ இருந்து வருவதற்குள் தண்ணீர் பிடித்து, தம்பியைப் பார்த்து, உலை வைக்க வேண்டிய பெண் பிள்ளை ஒத்திகைக்கு எப்படி நிற்பாள்? "ஆர்வமில்லை" என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். வானவில் மன்றத்தைப் பாருங்கள். 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் பள்ளியில் முதலமைச்சர் தொடங்கிவைத்தது அது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்க்க வைக்கும் திட்டம். கருத்தாளர் கருவிகளோடு பள்ளிக்கே வருகிறார், வகுப்பு நேரத்திலேயே நடத்துகிறார். பஸ் பிடிக்க ஓட வேண்டிய பிள்ளையும் அதில் பங்கெடுக்கிறாள். மற்ற மன்றங்களையும் இப்படிப் பாடவேளைக்குள் கொண்டுவர என்ன தடை?

தடையை நாமக்கல்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பை உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகள் வளர்ந்த மண் இது. அந்தக் காய்ச்சல் அரசுப் பள்ளிகளுக்கும் தொற்றியதில் முதலில் பலியானவை மன்றப் பாடவேளைகள்.

கலைத் திருவிழா 2022 முதல் நடக்கிறது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் மேடை ஏறுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் பறை என்றதும் கை யாரை நோக்கி நீள்கிறது? பறையைக் கைவிட வேண்டும் என்று அடிபட்டுப் போராடியவர்களும், அதையே விடுதலைக் கலையாக மீட்டெடுத்தவர்களும் நம் இயக்கத்திலேயே இருக்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. இந்த வாரம் சாவு வீட்டுக்கு அப்பாவை வரச்சொல்லி ஆள் விடும் அதே ஊரில், மகனின் பறைக்குக் கைதட்டல் விழும்போது அவன் மனதில் என்ன ஓடும் என்று மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அவன் விரும்பினால் அடிக்கட்டும், பெருமையோடு அடிக்கட்டும். எனக்கு வயலின் வேண்டும், நாடகம் வேண்டும் என்றால் அதையும் கொடுக்க வேண்டும். பறை எல்லாப் பிள்ளைகளின் தோளிலும் ஏறட்டும். அன்றைக்கு அதைக் கலை என்று முழு மனதோடு ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய பெயர்களில் மாணவர் குழுக்கள் வந்திருக்கின்றன. எல்லாரையும் கலந்து பிரிக்கும் எந்த ஏற்பாட்டையும் வரவேற்கிறோம். தமிழ் படித்தவர்கள் என்பதால் ஒன்று மட்டும் நினைவுக்கு வருகிறது. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது தொல்காப்பியம். புதிய ஐந்திணையில் அவர்களின் பேரப்பிள்ளைகள் குழுத் தலைவர்களாகவும் வர வேண்டும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கைக்கயிறுக்குத் தடை என்ற பரிந்துரைதான் அதிகம் பேசப்பட்டது. எல்லாச் சமூக மாணவர்களையும் சேர்த்து, சீருடையோடும் பயிற்சியோடும் சமூகநீதி மாணவர் படை அமைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்தப் படை எங்கள் பள்ளிகளுக்கு வந்தால் அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்போம்: அணித் தலைவன் யார், எடுபிடி யார்?

பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மன்றப் பொறுப்புகள் மாதம் ஒருமுறை சுழற்சியில் மாறுகின்றனவா, யாருக்கு எந்தப் பொறுப்பு என்ற பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டதா, சாரணர் சீருடைக்கும் விழா உடைக்கும் காசு கேட்கிறார்களா என்று கேட்டு, கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மாணவர்களே, பேச்சுப் போட்டிக்கும் என்.எஸ்.எஸ்.ஸுக்கும் நீங்களே போய்ப் பெயர் கொடுங்கள். கூட்டச் சொன்னால், வகுப்பில் எல்லாரும் வருகிறார்களா என்று கேளுங்கள். உங்களை மட்டும் அழைத்தால் நாள், நேரம், சொன்னவர் பெயரோடு நோட்டில் குறித்து வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கட்டணம் கிடையாது.