பொய்ச் சாட்சி கூறும் கருவி

ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பிலே பால்கோவா கிண்டுவோர் சுவாலையின் நிறத்தையும் புகையின் கருமையையும் கண்டே நெருப்பின் நிலையை அறிந்துகொள்வர். சிமெண்டுச் சூளைக்கு அது போதாது. இராஜபாளையத்துப் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்களின் பெயரால் வழங்கும் இராமசாமிராஜா நகரில் 1961-இலும், ஆலங்குளத்தில் 1970-இலும் சிமெண்டு உற்பத்தி தொடங்கியது. இத்தகைய சூளையில் கற்கலவை சுமார் 1450 டிகிரி சென்டிகிரேடு வரை காய்கிறது. புகையில் எஞ்சிய பிராணவாயு எவ்வளவு என்று ஒரு கருவி ஓயாது சொல்ல, அதைக் கேட்டே காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் நிகழும். அக்கருவியே பொய்யுரைத்தால் என் செய்வது?

சிர்க்கோனியா என்னும் பீங்கானே இவ்வகைக் கருவிகள் பலவற்றின் உயிர்நிலை. சுமார் 700 டிகிரி சூட்டில், அதன் ஒருபுறம் காற்றும் மறுபுறம் புகையும் இருப்பின், பிராணவாயுவின் வேற்றுமைக்கேற்ப ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். இருபுறமும் காற்றேயாயின் அழுத்தம் சூனியம், கருவி 20.9 சதவீதம் எனக் காட்டும். இங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது. பீங்கானில் விரிசல் கண்டாலும் அழுத்தம் தாழும். புகையை இழுத்துவரும் குழாயின் இணைப்புத் தளர்ந்து வெளிக்காற்று புகுந்தாலும் அவ்வாறே. பழுதுற்ற சாட்சி, “காற்று மிகுதி” என்றே பகரும். அதை நம்பிக் காற்றைக் குறைப்பின் எரிபொருள் அரைகுறையாய் எரிந்து, மணமற்ற நஞ்சாகிய கார்பன் மோனாக்ஸைடு பிறக்கும். மின்விசையால் தூசி பிடிக்கும் அறையில் அது பெருகினால், ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும். பிராணவாயுவைக் குறைத்துக் காட்டும் பொய்யோ பெரும்பாலும் எரிபொருளை வீணாக்குவதோடு நிற்கும்.

ஐயம் எழுந்தவுடன் உணர்கருவியைக் கழற்றிப் புதியதை மாட்டுவது அவசரக்காரர் வழக்கம். விவேகி முறையாக விசாரிப்பான். அளவறிந்த வாயுவை முதலில் உணர்கருவிக்கே நேரே செலுத்துவான். விடை சரியாயின் அது குற்றமற்றது. பின்பு அதே வாயுவைக் குழாயின் முகப்பிலிருந்து செலுத்துவான். விடை மாறினால் குற்றம் வழியிலுள்ளது: ஒழுக்கோ, தூசியடைத்த வடிகட்டியோ, குளிர்ந்து தேங்கிய நீரோ என்று தேடலாம். முதற் சோதனையே பிழைத்தால், சூடேற்றியையும் கம்பிகளையும் பார்த்த பின்னரே புதியது வாங்கலாம்.

இம்முறையை நம் மாணவர் எங்கே கற்கின்றனர்? ஆய்வுக்கூடத்தில் நாம் அவர்களுக்குப் பழுதற்ற கருவிகளையே கொடுக்கிறோம். புத்தகத்திலுள்ள விடை வந்தால் மதிப்பெண் இடுகிறோம். கருவி பொய் சொல்லும் என்பதை அவர்கள் ஆலையில், அபாயத்தின் நடுவே முதன்முதல் அறிகின்றனர். ஆகவே ஒரு பருவத்துக்கு ஒரு பிற்பகலேனும் ஆசிரியர் வேண்டுமென்றே பழுது வைத்த கருவியைக் கொடுத்தல் வேண்டும். எதை நம்பினான், எதை ஐயுற்றான், எவ்வரிசையிற் சோதித்தான் என்று மாணவன் எழுதட்டும். அதற்கே மதிப்பெண் இடுவோம்.

பாடத்திட்டத்துக்கே காலம் போதவில்லை என்பர் சிலர். ஒழுகும் ஒரு ரப்பர்க் குழாயும் ஒரு பிற்பகலும் பெருஞ்செலவல்ல. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாத நீதிபதியை நாம் மெச்சுவதில்லை. விஞ்ஞான மாணவனை மட்டும் அவ்வாறு பழக்குவது நியாயமாகுமா?