காணாமற்போன பார்சலுக்கு யார் பொறுப்பு?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தொழிலாளி, ஊரிலுள்ள தாய்க்குச் சேலையும் பிள்ளைகளுக்குத் துணியும் வாங்கி, மூட்டையாகக் கட்டி, ஒரு பார்சல் சர்வீஸில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். துணியின் விலை 8,000 ரூபாய். பார்சல் கட்டணம் 150 ரூபாய். தீபாவளி வந்துவிடுகிறது, மூட்டை வரவில்லை. ஆபீசில் போய்க் கேட்டால், "வேறு ஊருக்குப் போய்விட்டது போலிருக்கிறது, வந்துவிடும்" என்கிறார்கள். அடுத்த வாரம், "கோடவுனில் தேடுகிறோம்" என்கிறார்கள். அதற்கடுத்த வாரம், "ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தீர்களா?" என்கிறார்கள்.

இன்னொரு காட்சி. நாற்று நட்டும் களை பறித்தும் சேர்த்த கூலியில், பிள்ளையின் படிப்புக்காக ஒரு தாய் போன் வாங்குகிறாள். கடைத்தெருவில் அல்ல, கம்பெனிக்காரன் வலைக்கடையில். பணம் முன்கூட்டியே கட்டியாயிற்று. ஒருநாள் "உங்கள் பார்சல் டெலிவரி செய்யப்பட்டது" என்று செய்தி வருகிறது. பார்சல் மட்டும் வரவில்லை. அல்லது வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே போனுக்குப் பதில் சோப்புக் கட்டி இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வாள்? போனை எடுத்தால் மனிதக் குரல் கிடையாது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது இயந்திரம்.

இவை அன்றாடம் நடக்கிறவை. ஒரு மாதச் சம்பளத்தில் பாதி இப்படிக் காற்றில் போகிறது. பணக்காரனுக்கு ஒரு பார்சல் தொலைந்தால் அது எரிச்சல். பாட்டாளிக்குத் தொலைந்தால் அது கடன். ஆகவே இந்த விஷயத்தைச் சில்லறைப் பிரச்னை என்று தள்ளிவிட முடியாது.

கட்டணம் வாங்கியவன் பொறுப்பு

முதலில் ஓர் அடிப்படை நியாயத்தைச் சொல்லிவிடுவோம். பொருளை ஒப்படைத்த பிறகு அது நம் கண்ணில் படுவதில்லை. எந்த லாரியில் ஏறிற்று, எந்தக் கோடவுனில் இறங்கிற்று, யார் கை மாறிற்று என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. எனவே தொலைந்தது எப்படி என்று நிரூபிக்கும் வேலை நம்முடையதாக இருக்க முடியாது.

இந்த நியாயத்தை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது. 1865-ஆம் வருடத்துச் சரக்கேற்றுவோர் சட்டத்தின்படி, சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ, அது கம்பெனியின் அஜாக்கிரதையால்தான் என்று வழக்குப் போட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த 2007-ஆம் வருடத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதிலும் இந்த விதி உண்டு. வீட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுக்கும் கூரியர் கம்பெனிகளும் அதற்குள் அடக்கம். கம்பெனியின் ஆட்களோ ஏஜெண்டுகளோ குற்றம் செய்து சரக்கு போனாலும், சரக்கை அனுப்பியவருக்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனியே.

அப்படியானால் "ரசீதின் பின்பக்கத்தைப் படி" என்று ஏன் சொல்லுகிறார்கள்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

பொடி எழுத்தின் மர்மம்

சட்டம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக் கொண்டிருக்கிறது. பொறுப்பு கம்பெனிக்கு உண்டு, ஆனால் எவ்வளவு? 2011-ஆம் வருடத்து விதிகளின்படி, செலுத்திய கட்டணத்தைப்போல் பத்து மடங்குதான். நமது தொழிலாளி கட்டியது 150 ரூபாய். பத்து மடங்கு 1,500 ரூபாய். துணியின் விலையோ 8,000. மீதி 6,500 ரூபாய் யார் தலையில்? அவர் தலையில்தான். சரக்கின் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதற்கான அதிகக் கட்டணத்தையும் கட்டியிருந்தால் மட்டுமே பத்து மடங்கு என்ற இந்த வரம்பைத் தாண்ட முடியும். இதை எந்த ஆபீசில், எந்தக் குமாஸ்தா, எந்தத் தொழிலாளியிடம் எடுத்துச் சொல்லுகிறார்? நாம் கேட்கிறோம்.

ரயில்வேயிலும் இதே கதைதான். மதிப்பைச் சொல்லாமல் போட்ட பார்சல் தொலைந்தால், 1990-ஆம் வருடத்து விதிகளின்படி கிலோவுக்கு 50 ரூபாய்தான் உச்ச வரம்பு. 20 கிலோ சேலை மூட்டைக்கு 1,000 ரூபாய்! நெசவாளியின் உழைப்பையும் தவிட்டு மூட்டையையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள்.

பொடி எழுத்து எவ்வளவு பலமானது என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. 1990-ஆம் வருடம் ஒரு பின்னலாடைக் கம்பெனி ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பியது. அந்தச் சரக்குக்கான தஸ்தாவேஜுகளை ஒரு கூரியர் கம்பெனியிடம் கொடுத்தது. உறை போய்ச் சேரவில்லை. நகல்களை மறுபடி அனுப்பிச் சரக்கு கைக்குக் கிடைப்பதற்குள் அங்கே விற்பனைக் காலம் முடிந்துவிட்டது. வாங்கியவர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் கமிஷன் 4 லட்சத்து 29 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. தேசியக் கமிஷன் அதை வெட்டி, 100 அமெரிக்க டாலர் போதும் என்றது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. காரணம்? கூரியர் சீட்டில் 100 டாலர் என்ற வரம்பு அச்சிடப்பட்டிருந்தது. அனுப்பியவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வெளிநாட்டு வியாபாரம் செய்யும் முதலாளியே பொடி எழுத்தில் சிக்கி விழுந்தார் என்றால், இங்கிலீஷ் படிக்கத் தெரியாத விவசாயக் கூலியின் கதி என்ன? பேரம் பேச வழியில்லாத இடத்தில் வாங்கும் கையெழுத்து, சம்மதம் ஆகுமா?

தபாலும் தப்பவில்லை

தபால் இலாகா கம்பெனி அல்ல, மக்கள் சொத்து. எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்காத மலைக் கிராமத்துக்கும் தபால்காரர் நடந்தே போகிறார். அவர்மீது நமக்குக் குறை இல்லை, சட்டத்தின்மீதுதான் குறை.

1898-ஆம் வருடத்துத் தபால் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தபால் தொலைந்தாலும், தவறான ஆளிடம் போனாலும், தாமதமானாலும், சேதமானாலும் சர்க்கார் பொறுப்பல்ல என்றது. சர்க்கார் தானாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு மட்டும் விதிவிலக்கு. அடிமை நாட்டுக்கு எஜமானன் எழுதிய வாசகம் அது. 2023-ல் புதிய தபால் சட்டம் நிறைவேறி, 2024 ஜூன் 18-ல் அமலுக்கு வந்தது. பழைய சட்டம் போயிற்று. ஆனால் அந்த வாசகம் போயிற்றா? இல்லை. 10-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது: விதிகளில் குறிப்பிடப்படும் பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு தபால் இலாகாவுக்குக் கிடையாது. 125 வருடத்துக்குப் பிறகும் வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டையைத்தான் சாயம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டுமா?

நஷ்டம் யார் தலையில்?

கம்பெனி தன் தலையிலிருந்து இறக்கிய சுமை அனுப்பியவர் தலையில் மட்டும் ஏறுவதில்லை. பார்சலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையும் டெலிவரித் தொழிலாளியின் தலையிலும் ஏறுகிறது. பார்சல் தொலைந்தது என்று சொல்லி வருமானத்தில் பிடித்தம் செய்கிறார்கள் என்பது அந்தத் தொழிலாளர்களின் நீண்ட நாள் குமுறல்.

சம்பளத்தில் பிடிப்பதற்கு நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருள் அவருடைய சொந்தக் கவனக்குறைவால் நேராகத் தொலைந்தால்தான் பிடிக்கலாம். அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம் என்று 1936-ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொல்லிற்று. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்லுகிறது. ஆனால் கம்பெனிகள் இவர்களைத் "தொழிலாளி" என்று அழைப்பதில்லை. "பார்ட்னர்" என்று அழைக்கின்றன. பங்காளியாம்! லாபத்தில் பங்கு கிடையாது, நஷ்டத்தில் மட்டும் பங்கு. 2020-ஆம் வருடத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவர்களை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

ஆகவே, பார்சல் வராத கோபத்தை வாசலில் நிற்கும் இளைஞர்மீது காட்டாதீர்கள். அவரும் நம்மைப்போல் கூலிக்காரர். தவறு செய்தவர் யாராக இருந்தாலும் விசாரிக்கட்டும். ஆனால் வாங்குபவருக்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி.

என்ன செய்ய வேண்டும்?

சட்டம் அரைகுறையானது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இருக்கும் உரிமையை முழுவதும் பயன்படுத்த வேண்டும்.

பார்சல் போடும்போதே பொருளின் விலையை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். விலையுயர்ந்த பொருளானால் அதற்குரிய அதிகக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். கடை பில்லையும் பார்சல் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

வாங்கும்போது, பார்சலைக் கண்ணால் பார்க்குமுன் போனுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். பெட்டி கிழிந்தோ ஒட்டுப் பிரிந்தோ இருந்தால், அதை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள். பிரிக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் படம் பிடிக்கச் சொல்லுங்கள்.

தொலைந்தால் வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். எழுதிக் கொடுங்கள். கெடு முக்கியம். லாரி, கூரியர் கம்பெனிக்குப் பார்சல் போட்ட தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ரயில்வேக்கு 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "இதோ வருகிறது, அதோ வருகிறது" என்று இழுத்தடிப்பதெல்லாம் இந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான் உதவும்.

வலைக்கடைக்காரன் 2020-ஆம் வருடத்து விதிகளின்படி ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஜில்லா நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே, 2 வருடத்துக்குள் மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திருட்டு என்று தெரிந்தால் போலீசிலும் எழுதிக் கொடுங்கள். நம்பி ஒப்படைத்த சரக்கில் அதை ஏற்றிச் செல்பவனே மோசடி செய்தால் 7 வருடம் வரை சிறை என்கிறது சட்டம்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் பார்சல் நின்றுவிட்டது, 5 ரூபாய் கட்டுங்கள்" என்று வரும் செய்தியை நம்பி எதையும் அழுத்தாதீர்கள். பாங்குக் கணக்கைத் துடைக்கும் திருடர்களின் தூண்டில் அது. ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஒற்றை ஆள் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். பத்துப் பேர் ஒரே மனுவோடு, ரசீதுகளோடு போனால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். மில் வாசலிலும் கிராமத்திலும் எழுதத் தெரிந்தவர்கள் எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள்.

நமது கோரிக்கை

வீட்டு உபயோகப் பார்சல் தொலைந்தால், பில்லில் உள்ள முழு விலையையும் கம்பெனி கொடுக்க வேண்டும். பத்து மடங்குக் கணக்கும் கிலோக் கணக்கும் இதற்குப் பொருந்தக் கூடாது. ரசீதின் நிபந்தனைகள் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும். தபால் இலாகா எவ்வளவு நஷ்டஈடு கொடுக்கும் என்பதை ஒவ்வொரு தபாலாபீசிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். விசாரணை இல்லாமல் டெலிவரித் தொழிலாளியின் வருமானத்தில் ஒரு பைசா பிடிக்கக் கூடாது. நுகர்வோர் கமிஷன்கள், சட்டம் சொல்லும் 3 மாதத்துக்குள் தீர்ப்புக் கொடுக்கும்படி வேண்டிய ஆட்களைச் சர்க்கார் நியமிக்க வேண்டும்.

இது சலுகை அல்ல, தோழர்களே. கட்டணம் வாங்கியவன் பொருளைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் விலையைக் கொடுக்க வேண்டும். சந்தைக்கு மூட்டை ஏற்றிச் செல்லும் மாட்டு வண்டிக்காரருக்கும் தெரிந்த இந்த நியாயம், கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிகளுக்குத் தெரியாதா? தெரியும். கேட்க ஆளில்லை என்று நினைக்கிறார்கள். கேட்போம்!