கண்மாய்க்கரை போதும், கோட்டை எதற்கு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளியானது. ஒருவர் கதையை நடத்துவார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து, பகடை உருட்டி, அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள். கதை நடக்கிற நாட்டின் ஊர், சாமி, சந்தை, சண்டை எல்லாவற்றையும் விவரித்து நடத்துகிறவர் கையில் கொடுக்கிற புத்தகத்தைக் களநூல் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அப்படி ஒன்று எழுதலாமே என்று வாயெடுத்தால் வரும் பதில் தயாராக இருக்கிறது. ஆயிரம் வருஷ ராஜவம்சம் வேண்டும், அடர்ந்த காடும் ஆறும் வேண்டும், மந்திரம் வேண்டும், உலகம் பெரிதாக வேண்டும், நூலின் கடைசியில் அகரவரிசையும் வேண்டும். பேசாமல் சோழநாட்டை எடுத்துக்கொள், கோவில்பட்டிப் பக்கம் வெறும் பொட்டல்.

பொட்டலிலிருந்தே தொடங்கலாம். 1991இல் வந்த 'டார்க் சன்' இந்த வகையில் இன்றும் கொண்டாடப்படுகிற களநூல்களில் ஒன்று. அதில் வரும் ஆதாஸ் உலகம் முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. இரும்பு கிடைக்காது, ஆயுதம் எலும்பிலும் கல்லிலும், காசு சுட்ட மண்ணில். மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடி கருகி மண் சாம்பலாகும். வறட்சிதான் அங்கே கதையை ஓட்டுகிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் விலை உண்டு.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் அதைவிடச் சிக்கலான நிலம். கோடையில் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் அதே மண் பசையாகி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே பாதை சித்திரையில் ஒரு பாதை, ஐப்பசியில் வேறு பாதை. துரத்துகிறவனும் ஓடுகிறவனும் எந்த மாதத்தில் ஓடுகிறார்கள் என்பதே பாதி ஆட்டத்தை முடிவு செய்துவிடும். கம்பும் பருத்தியும் உளுந்தும் மானாவாரி. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் வருஷம் போச்சு. இதில் கண்மாய் மடையைத் திறக்கும் பொறுப்பு யாரிடம், மேலூர்க்காரன் தண்ணீரை மறித்தால் கீழூர்க்காரன் என்ன செய்வான்? சோ. தர்மனின் 'சூல்' ஒரு கண்மாயை நடுவில் வைத்து முழு நாவலாக விரிந்து, 2019இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியது. பொட்டலில் கதை இல்லை என்பவர்கள் அதை ஒருமுறை புரட்டலாம்.

அடுத்தது ராஜவம்சம். விளையாட உட்கார்ந்தவர் யாரும் முந்நூறு வருஷத்துக்கு முன் ஆண்டவனின் பாட்டன் பெயரைக் கேட்பதில்லை. இன்று ராத்திரி யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) இங்கே நல்ல சாட்சி. அந்த நாவலில் அரியணை இல்லை. தெலுங்கு தேசத்திலிருந்து உயிருக்குத் தப்பி ஓடிவந்த கூட்டம் காடு திருத்தி ஊராக்குகிறது. நூறு வயதைத் தாண்டிய பூட்டி பழைய கதையைச் சொல்கிறாள். தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணியை நகைக்காக ஒருவன் கொல்கிறான். அவனை என்ன செய்வதென்று ஊர் கூடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வெட்டுக்கிளி வருகிறது, தீவட்டிக் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், கடைசியில் வெள்ளைக்காரனும் வருகிறான். ஒவ்வொன்றும் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குக் காணும். கி.ரா. நாவல்தான் எழுதினார், களநூல் எழுதவில்லை. ஆனால் களநூல் எழுதப் புகுகிறவர்கள் வம்சாவளி அட்டவணையை மூடிவிட்டு இதைப் படிப்பது நல்லது.

வரலாற்றை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஒரே குரலில் தீர்ப்பாக எழுதாதே என்கிறேன். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு இருந்தது. 1799இல் எட்டயபுரம் கிழக்கிந்தியக் கம்பெனி பக்கம் நின்றது. அந்த அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். நாம் கேட்டு வளர்ந்தது ஒரு பக்கத்துக் கதை. எட்டயபுரத்துக் கோட்டை வாசலில் நின்று சொன்னால் அதே கதைக்கு நிறம் மாறும். கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய குளோராந்தா என்ற ஆட்ட உலகில் ஒவ்வொரு இனமும் உலகம் பிறந்த கதையைத் தன் பாட்டுக்குச் சொல்லும். எது நிஜம் என்ற தீர்ப்பை ஆடுகிறவர்கள் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அந்த உலகம் இன்னும் பழசாகவில்லை.

மந்திரம் இல்லையாம். கழுகுமலை வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, பாதியில் உளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மகனின் வேலை தன்னதை மிஞ்சுகிறதென்று அப்பன் சிற்பி மகனையே கொன்றான், அதனால்தான் முடியவில்லை என்கிறது ஊர்க்கதை. அதே மலையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள்; யார் பேரால் செய்வித்தது என்று அடியில் வட்டெழுத்து. அநியாயமாகச் செத்தவர்கள் சாமியாகிப் படையல் கேட்கிற சீமை இது. இந்தச் சாமிக்கு என்ன கடன், அது தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்று இரண்டு பக்கம் எழுதினால் போதும், நெருப்புக் கக்கும் பல்லியை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

உலகம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்.ஏ.ஆர். பார்க்கர் என்ற மொழியியல் பேராசிரியர் 1975இல் வெளியிட்ட டெகுமேல் உலகத்துக்கு மொழி, எழுத்து, இலக்கணம் எல்லாம் உண்டு. வியந்தவர்கள் அதிகம், உட்கார்ந்து ஆடியவர்கள் குறைவு. கோவில்பட்டியை நடுவில் வைத்தால் எட்டயபுரம், கழுகுமலை, இடைசெவல், கயத்தாறு எல்லாம் ஒரு நாள் நடைக்குள் வந்துவிடும். வரைபடம் அவ்வளவு போதும். எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது உப்புத் தண்ணீர் என்று மட்டும் குறித்துவிட வேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்வதில் நான் மறுக்காமல் விடுவது ஒன்றுதான்: நூலின் கடைசியில் அகரவரிசை கட்டாயம் வேண்டும். ஐந்து பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஊர் ஆசாரி பெயர் என்ன, அவருக்கு யாரோடு பேச்சில்லை என்பது அரை நிமிஷத்தில் கிடைத்தாக வேண்டும். கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதியாகவே கொண்டுவந்த கி.ரா.வுக்கு அந்த அருமை தெரிந்திருந்தது.