சாட்சியா, சபையோரா? கிராமசபையில் நீலகிரிப் பழங்குடி முதியோர்

தமிழகத்தின் பழங்குடி மக்கள் தொகை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மாநில மக்கள் தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் வாழ்கின்றனர். இச்சமூகங்களின் முதியோர் உள்ளாட்சி முடிவுகளில் எந்த அளவுக்குப் பங்கேற்கின்றனர் என்பது தமிழியல் ஆய்வுலகமும் எழுப்பவேண்டிய வினாவாகும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராயும் பணியைக் கிராமசபையிடம் ஒப்படைக்கிறது. அதன் விதிகள், கோரிக்கையாளர் அல்லாத முதியோரின் வாய்மொழியை எழுத்தில் பதிந்து சான்றாக ஏற்கலாம் என்கின்றன. ஏட்டில் ஏறாத நினைவுக்குச் சட்டம் அளித்துள்ள இவ்வேற்பு அரியது. தேன் எடுக்கும் பாறை, மேய்ச்சல் வெளி, ஈமநிலம், ஓடை ஆகியவற்றின் பெயர்கள் பல வருவாய்ப் பதிவேட்டில் இல்லை. முதியோர் நாவில் உள்ளன. அவ்வகையில் ஓர் இடப்பெயரே உரிமையின் எல்லைக்கல் ஆகிறது.

எனினும், சான்று கூற அழைக்கப்படுவது வேறு. முடிவெடுக்க அமர்த்தப்படுவது வேறு. தீர்மானம் அலுவலகத் தமிழில் எழுதப்படுகையில், தோட மொழியிலோ கோத்த மொழியிலோ சிந்திக்கும் முதியவர் தாம் கைந்நாட்டு இடும் தாளின் பொருளை அறிய வழியில்லை. அவரது வருகை எண்ணிக்கையில் சேரும், கருத்து சேராது. காலத்தாழ்வு இவ்விழப்பைப் பெருக்குகிறது. உயர்நீதிமன்ற இடைக்கால ஆணையால் தமிழகத்தில் உரிமைப் பட்டயம் வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டு, 2016இல்தான் அத்தடை நீங்கியது. காத்திருப்பின் ஒவ்வோர் ஆண்டும் சான்று கூறவல்லோர் சிலரை இழக்கும் ஆண்டே.

முதியோர்க்கு முதன்மை அளித்தால் பெண்டிர், இளையோர் குரல் அமுங்கும் என்னும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் இங்கு வேண்டப்படுவது தலைமையன்று, பங்கேற்பு. சபை உறுப்பினருள் பாதியினரேனும் கூடவேண்டும், கூடியோருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிராதல் வேண்டும் என்னும் 2012ஆம் ஆண்டு விதித்திருத்தம் இச்சமநிலைக்குத் துணைசெய்யும். மூதாட்டியரின் இடமும் அதனுள் அடங்கும்.

2013இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பின் வழி, ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராமசபைகள் கூடிப் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. அம்மலையின் டோங்கிரியா கோந்தர் பேசும் குவி ஒரு திராவிட மொழி. சபை குடியிருப்புக்கே சென்றால் சிறுபான்மை மொழியினரின் முடிவும் அரசை எட்டும் என்பதற்கு அது சான்று. பழைய குடியிருப்புகளையும் 'கிராமம்' என வன உரிமைச் சட்டம் ஏற்பதால், நீலகிரியிலும் ஊராட்சி அலுவலகத்திற்கு முதியோரை வரவழைப்பதை விடுத்து, தோடர் மந்திலும் கோத்தர் கோக்காலிலும் சபையைக் கூட்ட இயலும். தீர்மானம் அவரவர் மொழியில் படித்துக் காட்டப்பட்ட பின்னரே ஒப்பம் பெறப்படவேண்டும்.

இங்கே தமிழ்த்துறைகளுக்கும் கடமை உண்டு. பழங்குடி முதியோரிடம் சொல்லும் பாட்டும் கதையும் திரட்டிய ஆய்வுலகம், அவர்களைப் பெரும்பாலும் 'தகவலாளர்' என்றே குறித்து வந்துள்ளது. அச்சமூக இளையோரை மொழிபெயர்ப்பாளராகப் பயிற்றுவதும், திரட்டிய இடப்பெயர்த் தொகுப்புகளைக் கிராமசபைக்கே திருப்பி அளிப்பதும் அக்கடனைத் தீர்க்கும் தொடக்கமாக அமையும். முதியவரின் சொல் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் மட்டும் எஞ்சுமாயின், மொழி பதிவாகியிருக்கும். அம்மொழி பெயரிட்ட நிலம் கைவிட்டுப் போயிருக்கும்.