கை மரக்கும் ஊசியும் மொழி தெரியாத தொழிலாளியும்

பட்டறை இயந்திரத்தில் கை சிக்கி ஆஸ்பத்திரிக்கு வரும் தொழிலாளிக்கு முழு மயக்கம் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. கழுத்தடியிலோ அக்குளிலோ மருந்து செலுத்தினால் கை மட்டும் மரத்துப் போகும். சாப்பிட்ட வயிற்றோடு வந்தவருக்கு இதில் ஆபத்தும் குறைவு. 1911 முதல் கையாளப்படும் முறை இது.

ஊசி நரம்பருகே சேர்ந்ததை எப்படி அறிவது? முன்பெல்லாம் முனை நரம்பைத் தொட்டதும் விரல்வரை சுரீரென்று ஷாக் அடித்ததை நோயாளியே சொல்ல வேண்டும். மும்பைக்கு வந்து மூன்றே மாதமான தமிழர் அதை எந்த மொழியில் சொல்வார்? பின்னர் வந்த கருவி, சிறு மின்சாரம் பாய்ச்சி விரல் துடிப்பதைக் காட்டுகிறது. பேச்சு வேண்டாம், ஆனால் எலும்பு முறிந்த கை துடித்தால் உயிர் போகும்!

1994-இல் வியன்னா மருத்துவர்கள் கழுத்தடி ஊசிக்கு ஸ்கேனைத் துணை கொண்டனர். நரம்பையும் ரத்தக் குழாயையும் திரையில் பார்த்தே ஊசி போடலாம். மருந்தும் குறைவு, குழாயில் குத்துவதும் குறைவு. நரம்புக் காயம் அறவே இராது என்பதற்கில்லை. பழகாத கையில் எந்தக் கருவியும் ஆபத்தே.

ஸ்கேன் கருவிக்கு விலை அதிகம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் செய்ய வேண்டும். இவற்றைச் சாக்காக்கி, தொழிலாளர் வரும் ஆஸ்பத்திரிகளை விட்டுவிடலாகாது. கருவி வரும்வரை, "ஷாக் அடித்தால் மற்றக் கையைத் தூக்குங்கள்" என்று தமிழில் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தட்டும். அதற்குச் செலவில்லை.